ஆனந்தாவா, வெங்காயச் சருகா?

2001ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் எட்டாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் சரியாக நான்கு மணி. ஆவணி வெயில் ஓட்டின் மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஊருக்கு வெளியே ஓரிக்கைப் பக்கம் ஒரு கறுத்த மேகம் காலையிலிருந்தே இருந்தது. நகரவும் இல்லை, பெய்யவும் இல்லை. காற்று அறவே கிடையாது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டின் மூன்று தறிகளும் ஒன்றாக நின்றன.

எங்கள் வீட்டில் தறி அமாவாசைக்கு நிற்கும், தெருவில் சாவு விழுந்தால் நிற்கும். பாட்டுக்காக நின்றது அன்று ஒரு நாள்தான். அதற்கு அப்பா கொடுத்த நேரம் ஒரு மணி. நான்கிலிருந்து ஐந்து. ஆவணி முகூர்த்தங்களுக்குப் போகவேண்டிய புடவைகள் தறியில் இருந்தன. அந்த ஒரு மணி நேரத்தை அவர் தன் உடம்பிலிருந்து அறுத்துக் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டவர் என் சித்தப்பா. அப்பாவுக்கு ஒரே தம்பி, அப்போது இருபத்து மூன்று வயது. ஊரில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுவார். சம்பளத்தைச் சேர்த்து, பாக்கிக்கு அம்மாவின் வளையலை அடகு வைத்து, ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்து கேசட் போடலாம் என்பது அவர் திட்டம். மிக்ஸரைக் கடையிலிருந்து இரவல் வாங்கி, மைக்கை அதில் செருகி, மிக்ஸரிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரின் பின்புறம் குத்திவிட்டால் போதும், வீடே ஸ்டூடியோ என்பார். எனக்குப் பதினொரு வயது. நான் நம்பினேன். அப்பா நம்பவில்லை.

எங்கள் வீட்டில் தறிகள் மொத்தம் நான்கு. நான்காவது தறியில் நீள இழைகளான பாவைப் பிணைத்து எட்டு நாள் ஆகியும் ஆள் உட்காரவில்லை. அது சித்தப்பாவுக்காகக் காத்திருந்தது. அவர் தறியில் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பதினேழு வயதில் தனியாக ஒரு கல்யாணப் புடவை நெய்தார். அரக்குச் சிவப்பு உடல், பச்சைக் கரை. பாதிப் புடவையில், அரக்கு போகவேண்டிய இடத்தில் பச்சை இழையைப் போட்டு நான்கு விரற்கடை நெய்துவிட்டார். சிவந்த உடம்பில் ஒரு பச்சைப் பாம்பு படுத்திருந்ததுபோல இருந்தது என்று அம்மா சொல்வாள். புடவைக் கடைக்காரர் அதை அப்பாவின் மடியிலேயே போட்டுவிட்டுப் போனார். தறி வேலை பிடிக்காமல் வேண்டுமென்றே செய்தான் என்பது அப்பாவின் முடிவு. அன்று அவர் நாடாவை, ஊடிழை ஓட்டும் அந்த மரக்கட்டையை, எடுத்துத் தம்பியின் முதுகில் அடித்தார். மறுநாளே சித்தப்பா மைக் செட் கடைக்குப் போய்விட்டார்.

இப்போது நடந்தது ஒரு பந்தயம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கேசட் கடை வைத்திருந்த ஒருவர், முருகன் பாட்டு இரண்டு பதிவு செய்து மாதிரி கொடுத்தால் சென்னையில் கேசட் கம்பெனிக்காரர்களிடம் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் பன்னிரண்டு பாட்டுக்கு வேலை. அவர் அன்று இரவு ஏழு மணி பஸ்ஸில் புறப்படுகிறார். அப்பா சொன்னது இதுதான்:

“எடுப்பாங்கன்னா நீ உன் வழியில போ, நான் கேக்க மாட்டேன். எடுக்கலன்னா திங்கக்கிழமை காலையில நாலாவது தறியில உக்காரணும். அப்புறம் மைக்கு, வயருன்னு என் காதுல விழக்கூடாது.”

சித்தப்பா சரி என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பயம். தறியில் உட்காருவதற்கு இவ்வளவு பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நானே பள்ளி விட்டு வந்ததும் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுவேன். முதுகு வலிக்கும், அவ்வளவுதான்.

எண்ணுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். நாற்பது வருவதற்குள் கிழவனாகிவிட்டீர்கள் என்று என் மனைவி சொல்வது இதனால்தான். அன்று வீட்டில் அடக்கவேண்டிய சத்தங்கள் ஏழு என்று எண்ணி வைத்திருந்தேன். தறி மூன்று. கூடத்து மின்விசிறி. சுவர்க் கடிகாரம். அம்மாவின் குக்கர். பக்கத்து வீட்டு ரேடியோ. ஏழையும் நானே ஓடி ஓடி அடக்கினேன். கடிகாரத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். அப்பாவின் கைக்கடிகாரம் மட்டும் மிச்சம். அது அப்பாவோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தது.

பாட வந்தவர் எங்கள் பள்ளியின் பாட்டு டீச்சர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கணீரென்ற குரல், அதைவிடக் கணீரென்ற நாக்கு. அவருடைய கணவர் எழுதிய பாட்டுகளைத்தான் பாடப் போகிறார். பின்னறையில் கோரைப் பாயில் உட்கார்ந்து, சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்த எங்கள் வீட்டு மெத்தைகளைப் பார்த்தார்.

“என்னா தம்பி, பிள்ளைங்க படுக்கையெல்லாம் தொங்குது? ராத்திரி நனைச்சிட்டாங்களா?”

“எதிரொலி வரக்கூடாதுன்னு கட்டியிருக்கேன் டீச்சர்.”

“அதுக்கு நல்லதா நாலு துவைச்ச மெத்தையா கட்டியிருக்கலாமே. நான் மூச்சிழுத்துப் பாடணும்ல?”

மூன்றாம் தறிக்காரர் கூடத்திலிருந்து சிரித்தார். கூலிக்கு நெய்ய வருபவர், அறுபது வயதிருக்கும். தறி நின்றதும் மற்றக் கூலி ஆட்கள் டீ குடிக்கப் போய்விட, அவர் மட்டும் வேடிக்கை பார்க்கத் தங்கிவிட்டார்.

நான்கு பத்துக்கு டீச்சர் பாட ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் திரையில் குரலுக்கு ஏற்றபடி ஒரு பட்டை ஏறி இறங்க வேண்டும். அது தரையில் கிடந்தது. சித்தப்பா மிக்ஸரில் ஒவ்வொரு குமிழாகத் திருகினார். டீச்சரை முதல் அடியை மறுபடி பாடச் சொன்னார். மறுபடி. மறுபடி. ஆறாவது தடவை டீச்சர் நிறுத்தினார்.

“தம்பி, முருகன் இந்நேரத்துக்கு ஆறு தடவ வந்துட்டுப் போயிருப்பான். உன் பெட்டிக்குள்ள போய்ச் சேந்தானா இல்லியா?”

போகவில்லை. இடையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன மாதம் இடி இடித்தபோது அந்தக் கம்ப்யூட்டரின் சத்தம் போய்விட்டது. ரிப்பேருக்குக் கொடுத்து, சவுண்ட் கார்டு என்று ஒன்றைப் புதிதாக மாற்றி, மூன்று நாள் முன்புதான் வந்திருந்தது. பின்புறம் பக்கம் பக்கமாக மூன்று ஓட்டைகள். பழைய கார்டிலும் மூன்றுதான், வரிசை மட்டும் வேறு. சித்தப்பா வழக்கம்போல இடமிருந்து இரண்டாவதில் வயரைக் குத்தியிருந்தார்.

நான்கு இருபத்தைந்துக்குச் சென்னையில் இருந்த நண்பருக்குப் போன் போட்டார். அவர் அங்கே ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் உதவியாளர். போன் கூடத்தில் இருந்தது, அதன் வயர் பின்னறைக் கதவுவரை வரும். கதவருகே நின்று கேட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

“நீ பின்னாடி பூந்து பாருடா. அங்க இருட்டு. உனக்குத்தான் கை சின்னதா இருக்குது. ப்ளூவுல குத்தியிருக்குதா பாரு. நீலம்.”

மேசைக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கம்ப்யூட்டரைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று சொல்லும் சித்தப்பா, அன்று அதன் முதுகையே என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

“நீலம் இல்ல சித்தப்பா. வெங்காயச் சருகுல குத்தியிருக்குது.”

இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். பட்டு நெய்கிற வீட்டில் ஒரு நிறத்தை ஒரே பெயரில் சொல்லிப் பழக்கமில்லை. ரோஸ் என்பது கடையில் விற்கும் குச்சி மிட்டாயின் நிறம். அது வெளுத்துப் பழுப்பேறினால் வெங்காயச் சருகு. நீலம் என்றால் மை நீலம், கறுப்புக்குப் பக்கத்து வீடு. வெளிர்ந்து வானம்போல் இருந்தால் அது நீலமே அல்ல, அதன் பெயர் ஆனந்தா. கிளிப்பச்சை வேறு, இலைப்பச்சை வேறு, பாசிப்பச்சை வேறு. நூலைத் தூக்கிக் காட்டி அப்பா கேட்டால், அரை நொடிக்குள் சரியான பெயர் சொல்ல வேண்டும். நான் இருபத்தெட்டுப் பெயர்கள் சொல்வேன்.

சித்தப்பா போனில், “ரோஸ் மாதிரி ஒண்ணுல இருக்குதாம்பா” என்றார். பிறகு என்னிடம், “நல்லா பாருடா. நீலம் இருக்கும்.”

“நீலமே இல்ல. ஆனந்தா ஒண்ணு, வெங்காயச் சருகு ஒண்ணு, கிளிப்பச்சை ஒண்ணு. அவ்ளோதான்.”

“நீலமே இல்லியாம்பா” என்றார் சித்தப்பா போனில்.

இப்போது நினைத்தால் எவ்வளவு சின்ன விஷயம். வேறு யாராக இருந்தாலும் மேசைக்குப் பின்னால் தலையை நீட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதோ நீலம், இதைத்தான் சொல்கிறான், மடையா என்று முடித்திருப்பார்கள். சித்தப்பா தலையை நீட்டவில்லை. நண்பர் தந்த மாற்று வழியைக் கேட்டுக்கொண்டார். நீலம் இல்லாத கார்டு போலிருக்கிறது, ரோஸிலேயே இருக்கட்டும், திரையில் மைக் என்று இருப்பதைத் தேர்ந்தெடு.

தேர்ந்தெடுத்ததும் பட்டை துள்ளியது. சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நான்கு முப்பத்தைந்து. டீச்சர் முதல் பாட்டை முழுக்கப் பாடினார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் ஏற ஏறப் பட்டை பச்சையிலிருந்து மஞ்சளாகி, உச்சியில் அரக்காகக் கொப்பளித்தது. தீபாவளிபோல இருந்தது. சித்தப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

நான்கு நாற்பத்தொன்றுக்குப் போட்டுக் கேட்டோம். குரல் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஏற்றத்திலும் பட்டுத் துணியை நடுவில் கிழிப்பதுபோல ஒரு சத்தம். டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் திறந்தார்.

“இதுல எது தம்பி நானு? கிழியுதே அதுவா, அழுவுதே அதுவா?”

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மிக்ஸரைக் குறைத்து மறுபடி எடுத்தார். மறுபடி கிழிந்தது. மைக்கை மாற்றினார். கிழிந்தது. டீச்சருக்குத் தொண்டை கட்டத் தொடங்கியிருந்தது. அம்மா மிளகுப் பால் கொண்டுவந்து கொடுத்தாள். விசிறி இல்லாமல் எல்லோருக்கும் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. சித்தப்பா அழுத்தித் திருகியதில் குமிழ் ஒன்று கழன்று பாய்க்கடியில் ஓடியது. அதைத் தேடியதில் இரண்டு நிமிடம் போனது. நான் எண்ணினேன்.

அப்பா வந்து கதவில் நின்றார்.

“அஞ்சாச்சு.”

“அண்ணா, அரை மணி. கடைசியா அரை மணி.”

அப்பா டீச்சரைப் பார்த்தார். மரியாதைக்காகத்தான் கொடுத்தார் என்று நினைக்கிறேன். “அஞ்சரைக்கு நாடா ஓடும். பாட்டு முடிஞ்சாலும் சரி, முடியலன்னாலும் சரி.”

ஐந்து நான்குக்கு இரண்டாம் போன். நண்பர் சத்தமாகப் பேசியதால் எனக்கும் கேட்டது.

“மேல ரெட் அடிக்குதா பாத்தியா?”

“இல்லப்பா. பச்சையாத்தான் இருந்துச்சு.”

“இல்ல சித்தப்பா, அரக்கா கொப்புளிச்சுதே!” என்றேன் நான்.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் அதுவரை கண்டதில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசியதற்குக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

நண்பர் சொன்னது: அது மைக் ஓட்டைதான். மிக்ஸரிலிருந்து வருவது பெரிய சத்தம், அதை மைக் ஓட்டையில் விட்டால் கிழியத்தான் செய்யும். கட்டாயம் இன்னொன்று இருக்கும். கம்ப்யூட்டரை நிறுத்து, எல்லா வயரையும் உருவு, பெட்டியை வெளியே இழுத்துப் படுக்கப் போட்டு ஒழுங்காகப் பார். லைனைத் துண்டிக்காதே.

சித்தப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பெட்டியை இழுக்கும் சத்தமும் வயர்களை உருவும் சத்தமும் கேட்டன. நான் போனில் நண்பரிடம், மூன்று ஓட்டைகளில் எதில் குத்தவேண்டும் என்று கேட்டேன்.

“லைட் ப்ளூடா கண்ணா. வானம் கலர்ல இருக்கும் பாரு.”

“வானமா? அது ஆனந்தா!”

“அது எவடா ஆனந்தா?” என்றார் நண்பர்.

நான் கூடமே அதிரக் கத்தினேன். “சித்தப்பா! ஆனந்தாவாம்! ஆனந்தாவுல குத்தணுமாம்!”

ஒரு நிமிடம் பார்த்தேன். போனை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

நின்றிருந்த பெட்டி தரையில் படுத்திருந்தது. பக்கம் பக்கமாக இருந்த மூன்று ஓட்டைகளும் இப்போது ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. சித்தப்பா குப்புறப் படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, அவற்றுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருந்தார். கையில் வயரின் ஊசி. அது வெங்காயச் சருகுக்குப் போனது. குத்தாமல் நின்றது. கிளிப்பச்சைக்குப் போனது. திரும்ப வெங்காயச் சருகுக்கு வந்தது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை பெட்டியின் மேல் சொட்டியது.

எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

“அது சருகு சித்தப்பா. ஐயோ, அது கிளிப்பச்சை! ஆனந்தா, ஆனந்தான்னு கத்துறேன்ல? பச்சைக்கும் சருகுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? கண்ணு என்ன பொட்டையா?”

டீச்சர் சிரித்தார். மூன்றாம் தறிக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“நெசவாளி வூட்டுப் புள்ள, பச்சை தெரியலங்குறான் பாரு. பதட்டம் சின்னவருக்கு, பதட்டம்.”

சித்தப்பாவும் சிரிப்பதுபோல உதட்டை இழுத்தார். டார்ச் வாயிலிருந்து விழுந்து உருண்டது.

அது உருண்டு நின்ற இடத்தில் அப்பாவின் கால் இருந்தது. அவர் எப்போது வந்தார் என்று தெரியாது. எங்கள் எல்லோரிலும் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். என்னைப் பார்க்கவில்லை, தம்பியின் முகத்தையும் பார்க்கவில்லை. ஊசியைப் பிடித்திருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். தறியில் ஓர் இழை அறுந்தால் அது எங்கே அறுந்தது என்று அப்பா பாவின் மேல் குனிந்து பார்ப்பார். அந்தப் பார்வை.

பிறகு தரையில் உட்கார்ந்தார். அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த ஏழு மாதத்தில் அதை ஒரு விரலாலும் தொடாதவர், டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தார். தம்பியின் கையிலிருந்து ஊசியை மெதுவாக வாங்கினார்.

“ஆனந்தாதானே?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமாம்பா.”

குத்தினார்.

எழுந்து கூடத்துக்குப் போய், “இன்னிக்குத் தறி வேணாம். டீக்கடையில கீறவங்களையும் வூட்டுக்குப் போவச் சொல்லிடு” என்றார்.

“மணி அஞ்சேகால்தானே ஆவுது மொதலாளி. கூலி?” என்றார் மூன்றாம் தறிக்காரர்.

“புடிக்க மாட்டேன். போ.”

கம்ப்யூட்டர் மறுபடி உயிர்பெற நான்கு நிமிடம். ஐந்து இருபத்தாறுக்கு டீச்சர் பாடினார். பட்டை பச்சையிலேயே நின்று அளவாக ஆடியது. போட்டுக் கேட்டபோது கிழிசல் இல்லை, இரைச்சல் இல்லை. டீச்சர் மூச்சு வாங்குவதுகூடப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல இருந்தது. இரண்டாம் பாட்டும் ஒரே தடவையில் முடிந்தது. “இப்பத்தான் நானு” என்று டீச்சர் எழுந்தார். ஆறு ஐம்பதுக்குச் சித்தப்பா கேசட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். காதைப் பிடித்தார். திருகவில்லை, பிடித்துக்கொண்டே பேசினார்.

“சித்தப்பாவுக்குக் கண்ணு அப்படி இப்படின்னு சொன்னியே, அத இனிமே வாயைத் தொறந்து யார்கிட்டயாவது சொன்ன, தோலை உரிச்சிடுவேன். வெளியில சொல்லக்கூடாது. உங்கம்மாகிட்ட சொல்லக்கூடாது. அவன்கிட்டயே சொல்லக்கூடாது. புரியுதா?”

புரிந்தது என்றேன். பெரியவர்களைக் கண் பொட்டை என்று சொன்னது தப்பு என்பதாகப் புரிந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே நான்காம் தறியில் ஆள் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் தறிக்காரரின் மருமகன். கேசட் கடைக்காரர் ஞாயிறு மாலையே செய்தி கொண்டுவந்திருந்தார். பதிவு சுத்தமாக இருக்கிறதாம். குரலுக்கு வயதாகிவிட்டதாம், விற்காதாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பந்தயப்படி சித்தப்பா தோற்றுவிட்டார். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, முகம் வெளிறி, தறியில் உட்காரத் தயாராக வந்து நின்றவர், அங்கே இன்னொருவனைப் பார்த்தார். அப்பா நிமிரவில்லை.

“நாலாவதுக்கு ஆள் போட்டுட்டேன். நீ உன் வேலைக்குப் போ.”

“அண்ணா, பேச்சுப்படி நான்...”

“போன்னு சொன்னேன்.”

சித்தப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்துக் கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சென்னைக்கே போய்விட்டார். எனக்கு அப்பாமேல் கடுங்கோபம். தோற்றவன் என்று தறியில்கூட உட்கார விடாமல் துரத்திவிட்டார் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தை நான்கு வருடம் வைத்திருந்தேன். பிறகு அது எப்போது போனது என்று கணக்கு இல்லை. அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

சித்தப்பா சென்னையில் நன்றாக இருக்கிறார். ஒலிப்பதிவில் கெட்டிக்காரர் என்று பெயர். அவருடைய வயர் ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை நாடா சுற்றி எண் எழுதியிருக்கும். ஒழுங்கான மனிதர் என்று எல்லோரும் வியப்பார்கள். போன வருடம் அவருக்குக் கண்ணாடி மாற்றவேண்டி நான்தான் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர், சின்னப் பெண், எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, ஏதோ தோன்றி, வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்தார்.

“இதுல என்ன நம்பர் தெரியுது சார்?”

“நம்பரா?” என்றார் சித்தப்பா. “புள்ளிதாம்மா இருக்குது.”

எனக்கு எழுபத்து மூன்று என்று பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் இன்னும் ஐந்து பக்கம் திருப்பினார். சித்தப்பாவுக்கு எல்லாமே புள்ளிதான். பிறவியிலேயே இருப்பது, சிவப்பும் பச்சையும் பிரியாது, வெளிறிய நிறங்களெல்லாம் ஒன்றுபோலத் தெரியும், மருந்து கிடையாது, ஆபத்தும் கிடையாது என்று சொல்லி மூடிவைத்தார்.

வெளியே வந்து காபி குடித்தோம். சித்தப்பாதான் முதலில் பேசினார்.

“பேருதான்டா தெரியாது. விஷயம் எட்டு வயசுலயே தெரியும். நெசவாளி வூட்டுல பொறந்துட்டு இத யார்கிட்ட சொல்றது? தறியில உக்காந்தா மறுநாளே தெரிஞ்சிடும். பொண்ணு கூடக் குடுக்க மாட்டான்.” ஒரு வாய் குடித்தார். “உங்கப்பன் மட்டும் இத தெரிஞ்சுக்காமலே போயிட்டான். கடைசிவரைக்கும் நான் திமிருலதான் அந்தப் புடவையக் கெடுத்தேன்னு நெனச்சுக்கினே போயிட்டான். இல்லன்னா அன்னிக்கு அப்படித் தண்ணி தெளிச்சு விட்டிருப்பானா?”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அப்பா என் காதைப் பிடித்துச் சொன்னதை அப்படியே சொன்னேன். வெளியில சொல்லக்கூடாது, உங்கம்மாகிட்ட சொல்லக்கூடாது, அவன்கிட்டயே சொல்லக்கூடாது. மூன்றும் சொன்னேன். பதினொரு வயதில் அதை எனக்கு விழுந்த திட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஓர் அண்ணன் தன் தம்பியிடம் கேட்க நினைத்த மன்னிப்பு அது என்று எனக்குத் தெரியவில்லை. கீழ்ப்படிகிற பிள்ளையாக அதைப் பூட்டி வைத்துக்கொண்டேன். அதனால் சித்தப்பா இருபத்திரண்டு வருடம் தன்னைக் கைவிடப்பட்டவன் என்று நம்பிக்கொண்டு இருந்தார்.

சித்தப்பா மூக்கைச் சிந்தி, “எனக்குச் சொல்லியிருக்கலாம்ல” என்றார். அது அப்பாவைச் சொன்னதா என்னைச் சொன்னதா என்று தெரியவில்லை.

டாக்டருக்கு நானூறு, ஆட்டோ போகவர நூற்று நாற்பது, காபி நாற்பது. காபிக்கு அவர்தான் கொடுத்தார், விடமாட்டேன் என்றுவிட்டார். ஆக, என் கையிலிருந்து போனது ஐந்நூற்று நாற்பது ரூபாய்.